புதுப்பிப்பு: வேலியோரம் நின்று கத்தும் அப்பா

போன மாதம் எழுதியிருந்தேன்: மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நான் பயிற்சி தரும் 12 வயதுக்குட்பட்ட பெண்கள் சாப்ட்பால் (பேஸ்பால் போன்ற ஆட்டம்) அணியில், மகளை ஏன் பாதியில் வெளியே எடுக்கிறாய் என்று ஓர் அப்பா ஆட்டத்துக்கு ஆட்டம் கத்துகிறார் என்று. “ஆளைத் திடல் பக்கமே விடாதீர்கள்” என்றீர்கள் பலர். அப்படிச் செய்தால் பிள்ளையும் வராது. தோட்டத்திலிருந்து அவளை மோட்டாரில் ஏற்றி வருவதே அவர்தான்.

ஆட்டம் முடிந்த சூட்டில் பேசாமல், மறுநாள் ஒட்டுக்கடையில் தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) சொல்லி அவரை உட்கார வைத்தேன். “மாஸ்டர், வெளியே எடுத்தா அவ்வளவுதானே, திரும்ப இறங்க முடியாதே” என்றார். கால்பந்து பார்த்தே பழகியவர்! சாப்ட்பாலில் தொடக்க ஆட்டக்காரர் ஒருமுறை வெளியேறினாலும், அடிக்கும் வரிசையில் தன் பழைய இடத்துக்கே மறுபடி வரலாம் என்றதும் முகம் மாறியது.

அப்புறம் ஸ்கோர் புத்தகத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். ஒவ்வொரு பந்தையும் குறிக்கிறவருக்குக் கத்த ஏது நேரம்? மகள் வீசியதில் ஸ்டிரைக்கைவிட ‘பால்’தான் (அடிப்பவர் அடிக்காமல் விட்ட, இலக்கு தவறிய வீச்சு) அதிகம் என்பதையும் அவரே எழுத வேண்டியதாயிற்று.

இன்னோர் அம்மா மட்டும் இரவு 11 மணிக்கு வாட்சாப்பில் குரல் பதிவு அனுப்புவதை விடவில்லை. சரி, பதில் காலையில்தான்.