புதுப்பிப்பு: புதுச்சேரி எழுத்துக் குழுவின் கதைத் தொகுப்பு

தொகுப்பைப் புத்தகமாகக் கட்ட, ஏ4 தாளை மடித்து நடுவில் ஸ்டேப்ளர் பின் அடித்தால் போதும் என்று முன்பு எழுதியிருந்தோம். ஆனால் கடற்கரை ஈரத்தில் அந்தக் கம்பிப் பின் துருப்பிடித்து நடுப்பக்கத்தில் கறை இறங்கும். நூலால் தையுங்கள்: மடிப்பில் 3 துளை, நடுத்துளையில் தொடங்கி அங்கேயே முடிச்சு, ஒரு பிரதிக்கு 50 செ.மீ. நூல்.

ஒரு தாளை மடித்தால் 4 பக்கம் வருவதால், பக்க எண்ணிக்கை 4-ஆல் வகுபட வேண்டும். 46 வந்தால் 48 ஆக்கி, மிஞ்சும் இரண்டில் எழுதியவர்களைப் பற்றிய குறிப்பு வைக்கலாம்.

அதிகம் படுத்துவது எழுத்துருதான். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கதையை, இன்று எங்கும் பயன்படும் யூனிகோடு முறைக்கு மாற்றும்போது நடுவிலுள்ள ஆங்கிலச் சொற்களும் தமிழெழுத்தாகிக் குழம்பும். அவற்றை முதலிலேயே குறித்து வையுங்கள். மெய்ப்பை (பிழை திருத்தப் பார்க்கும் அச்சுப்படியை) கதை எழுதியவரிடமே கொடுக்காதீர்கள். மனதில் இருப்பதையே கண் படிக்கும், பிழை தப்பிவிடும். இருவர் மாற்றிக்கொள்வது நல்லது.