மட்டக்களப்பில இருந்துகொண்டு டவுன்ஹில் பழகலாமா? ட்ரெயில் எங்க தேடுற?

ஆரையம்பதி_அனல்
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு டவுன்ஹில் மவுண்டன் பைக்கிங் பழகணும், அதுதான் மலைக்கு மேல இருந்து கரடுமுரடான பாதையால (ட்ரெயில்) சைக்கிள்ல வேகமா இறங்குற வெளயாட்டு. கொழும்பில ஒருத்தர் பாவிச்ச பைக் ஒண்டு விக்கிறார், முன்னுக்கு டபுள் க்ரவுன் ஃபோர்க் (ரெண்டு தட்டால இறுக்கின, குலுக்கல் தாங்குற முன் கவை), பின்னுக்கு கொயில் ஷொக் (குலுக்கல் தாங்குற ஸ்பிரிங்), பிரேக் ரெண்டும் ஹைட்ரோலிக் டிஸ்க், சீட்டுக்காசு விழுந்தா எடுக்கலாம் எண்டு இரிக்கன். வீட்டிலயும் கூட்டாளிமாரும் கேக்கிறது ஒரே கேள்விதான், கடலுக்கும் வாவிக்கும் நடுவில இருந்துகொண்டு எந்த மலையில ஓடப்போறாய் எண்டு. குடும்பிமலை எங்கட மாவட்டத்துக்குள்ளதானே இரிக்கு, 500 மீற்றருக்கு மேல உயரம். தாந்தாமலை இரிக்கு. அம்பாறைப் பக்கம் ராஜகல இரிக்கு. பிறகென்ன? தெரிஞ்ச ஆக்கள் பாதை சொல்லுங்க. வேணாம் எண்டு நினைக்கிற ஆக்களும் காரணத்தோட சொல்லுங்க, கேக்கிறன்.

பழையசெயின்_கல்லடி
தம்பி, அந்த பைக்க எடுக்காத. மலைய பத்தி மறுகா கதைப்பம், முதல் பைக்க விளங்கிக்கொள்.

நீ சொல்ற மாதிரி பைக்குக்கு முன்னுக்கும் பின்னுக்கும் 200 மில்லிமீற்றர் அளவில ட்ரெவல் (ஃபோர்க்கும் ஷொக்கும் அமுங்குற தூரம்) இரிக்கும், பாரம் 16, 17 கிலோ வரும், ஹெட் ஆங்கிள், அதாவது ஃபோர்க் நிக்கிற கோணம், 63 டிகிரி பக்கமா சரிஞ்சு கிடக்கும். செங்குத்தான இறக்கத்தில கல்லு வேர் எல்லாத்துக்கும் மேலால நேரா போறதுக்காகவே செஞ்ச சாமான் அது. அதே பைக்க சமதரையில ஓடிப்பார், மிதிக்கிற பலத்தில ஒரு பங்க ஷொக்தான் குடிக்கும். ஏத்தத்தில மிதிக்கவே ஏலா. அதனாலதான் கனடாவில விஸ்லர்ல செயார்லிஃப்ட்ல (கம்பியில தொங்குற கதிரை) கொழுவி மேல அனுப்புறாங்க, ஸ்கொட்லாந்தில ஃபோர்ட் வில்லியம்ல கொண்டோலாவில (கம்பியில ஓடுற பெட்டி) ஏத்துறாங்க. இஞ்ச உனக்கு ஆரு ஏத்தித் தருவாங்க?

இன்னொண்டு, ஃபோர்க் ஷொக் எல்லாத்துக்கும் உள்ளுக்கு சீல் இரிக்கு, அதுக்கு காலாகாலத்தில சேவிஸ் வேணும். கடல்கரை உப்புக்காத்தும் பொடிமணலும் சேந்தா அந்த சீல் என்ன பாடுபடும் எண்டு நான் கழட்டிப் பாத்திரிக்கன், பார்ட்ஸ் வெளிநாட்டில இருந்துதான் வரணும். நல்ல ஹார்ட்டெய்ல் (முன்னுக்கு மட்டும் ஷொக் இரிக்கிற பைக்) ஒண்டு எடு. முன்னுக்கு 120, 130 மில்லிமீற்றர் காணும், 2.3 இஞ்சி ரயர், ஹைட்ரோலிக் பிரேக். அதில பழகினவன் எதிலயும் ஓடுவான்.

சம்மாந்துறை_சறுக்கல்
அண்ணே நீங்க சொல்ற ஹார்ட்டெய்லுக்கும் சல்லி சேக்க இவனுக்கு எவ்வளவு காலம் போகும்? சும்மா கிடக்கிற சைக்கிள்ல நாளைக்கே தொடங்கட்டும். இந்த வெளயாட்டு எப்பிடி வந்த எண்டு பாருங்க. 1976 ஒக்டோபர்ல கலிஃபோர்னியாவில டமல்பைஸ் மலைப்பக்கம் ரீபெக் ரேஸ் தொடங்கக்குள்ள ஒருத்தன்ட கையிலயும் மவுண்டன் பைக் எண்டு ஒரு சாமான் இல்ல. 1930, 40கள்ல செஞ்ச பழைய ஷ்வின் சைக்கிள், பெடல பின்னுக்கு மிதிச்சா பிடிக்கிற பிரேக், அதோட கிட்டத்தட்ட 400 மீற்றர் உயரத்த 3 கிலோமீற்றர்ல இறங்கினானுகள். ஹப்புக்குள்ள கிறீஸ் எரிஞ்சு புகைச்சுக்கொண்டு கீழ வரும், இறங்கினோடன கழட்டி புதுக்கிறீஸ் அடைக்கணும். கெரி ஃபிஷர், ஜோ பிரீஸ் எல்லாம் அந்த ரோட்டில இறங்கின ஆக்கள்தான், ஓடின அனுபவத்திலதான் மறுகா பைக்க வடிவமைச்சானுகள். முதலாவது உத்தியோகபூர்வ உலக சம்பியன்ஷிப் 1990ல டுராங்கோவிலதான் நடந்த. 14 வருசம் கழிச்சு! சாமான் வரும்வரைக்கும் குந்திக்கொண்டு இருந்திருந்தா இந்த வெளயாட்டே வந்திரிக்காது.

பழையசெயின்_கல்லடி
அந்தக் கதை எனக்கும் தெரியும் தம்பி. அந்த பழைய ஷ்வின் பாரமான இரும்பு, அடிச்சாலும் நெளியாத கட்டு. இப்ப கடையில "மவுண்டன் பைக்" எண்டு தொங்கவிட்டிரிக்கிற சாமான்ல ஃபோர்க்குக்குள்ள வெறும் ஸ்பிரிங்தான், எண்ணெய் இல்ல, ஒரு பள்ளத்தில அமுக்கினா திருப்பி அதே வேகத்தில ஆளத் தூக்கி எறியும். பிரேக் கட்டை ரிம்மில உரசி உரசி நீள இறக்கத்தில ரிம் கொதிக்கும், கட்டை மினுங்கிப் போகும், லீவர் இறுகித்தான் இரிக்கும் ஆனா சில்லு நிக்காது. சமதரையில பழக அது காணும், மலைக்கு காணாது. இதில நான் விட்டுத்தர மாட்டன்.

நைட்_டியூட்டி_அக்கா
நான் வாட்டில வேலை செய்ற ஆள், பைக்க பத்தி எனக்கு ஒண்டும் தெரியா, விழுந்து வாற பொடியனுகள பத்தி தெரியும். சைக்கிளால விழுந்தா கையை ஊண்டுவாங்க, அது மனுச இயல்பு, மணிக்கட்டு போகும், இல்லாட்டி காறை எலும்பு போகும். அதுகள் பொருந்தும். தாடையும் பல்லும் முகமும் வேற கதை. ரோட் சைக்கிள் ஹெல்மெட் முகத்த மூடாது, அதனால ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட், முழங்கால் பாட், கையுறை இல்லாம இறக்கத்துக்குப் போகாதீங்க. ஒருக்கா பலமா அடிபட்ட ஹெல்மெட்ட திரும்பப் போடவும் வேணாம், உள்ளுக்கு இருக்கிற ஃபோம் நசிஞ்சா அதோட அதின்ட வேலை முடிஞ்சிது.

தம்பி, குடும்பிமலை எண்டு சொல்றீங்க. 1990 எண்ட நம்பருக்கு ஃபோன் அடிச்சா அம்புலன்ஸ் வரும், காசும் இல்ல, நல்ல சேவை. ஆனா அம்புலன்ஸ் நிக்கிற ரோட்டு வரைக்கும் உங்கள ஆர் தூக்கிட்டு வாற? ஃபோன் சிக்னல் இல்லாத இடத்தில ஆர் அடிக்கிற? இந்த ரெண்டு கேள்விக்கும் பதில் இருந்தா போங்க.

கிரான்_பக்கம்
குடும்பிமலைய பத்தி நான் சொல்றன், எங்கட குடும்பம் பரம்பரையா பட்டி மாடு வளக்கிற குடும்பம். அந்தப் பக்கம் ட்ரெயில் எண்டு நீங்க மெப்பில பாக்கிறது எங்கட மாட்டுப்பாதை. கண்டும் பசுவுமா பட்டி வரக்குள்ள சத்தமில்லாம ஒரு சைக்கிள் மேல இருந்து பாய்ஞ்சு வந்தா மாடு கலையும், கலைஞ்ச பட்டிய திரும்ப சேக்கிறதுக்கு ரெண்டு நாள் ஆகும். மயிலத்தமடு மேய்ச்சல்தரைக்காக பண்ணையாளர்மார் ரோட்டில குந்தியிருந்தது எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம்தானே. ஏற்கனவே நெருக்கடியில இரிக்கிற ஆக்கள்ட இடத்துக்கு கேக்காம வராதீங்க.

ஆரையம்பதி_அனல்
அண்ணே கேக்காம வர எண்ணமில்ல. ஆனா அங்க மிதிவெடி எண்டு எல்லாரும் பயம் காட்டுறாங்க, 2017ல எங்கட மாவட்டத்த மிதிவெடி இல்லாத மாவட்டம் எண்டு அறிவிச்சிட்டாங்கதானே?

கிரான்_பக்கம்
நான் வெடிய பத்தி ஒரு சொல்லும் சொல்லல்ல மனே. யானைய பத்தி சொல்றன். மோட்டர்சைக்கிள் வந்தா யானைக்கு தூரத்திலயே கேக்கும், அது விலகும், இல்லாட்டி காதை விரிச்சு நிக்கும், நமக்கும் விளங்கும். மிதிசைக்கிள் வாறது அதுக்கு கேக்காது. வளைவு திரும்பின இடத்தில பத்து பாகத்தில நிண்டுதெண்டா நீயும் பயந்து அதுவும் பயந்து, அதுக்குப் பிறகு நடக்கிறது உன்ட கையில இல்ல. விடியக்காலையும் பின்னேரம் வெயில் சாஞ்ச பிறகும் அந்தப் பக்கம் நாங்களே தனிய போறதில்ல. அதோட அது வன இலாகாட காடு, அனுமதி வேணும்.

சம்மாந்துறை_சறுக்கல்
இதில நான் அவரோட ஒத்துப்போறன். ராஜகலயும் விட்டுடு தம்பி, அது தொல்பொருள் இடம், கல்வெட்டும் தாதுகோபமும் இரிக்கிற மலையில ரயர் உருட்டுறது சரியில்ல. இங்கினியாகல பக்கம் கல்லோயா தேசியப் பூங்கா, அது வனஜீவராசிகள் திணைக்களத்துட இடம், அங்கயும் சைக்கிள் கனவு வேணாம். தாந்தாமலை முருகன்ட மலை, சனம் வெறுங்காலோட ஏறுற பாறை.

ஸ்ட்ராவா ஹீட்மேப், ட்ரெயில்ஃபோர்க்ஸ் மாதிரி ஃபோன் மெப்புகள்ல பாதை தேடுறவங்களுக்கும் இதத்தான் சொல்றன், அதில கோடு தெரிஞ்சா ஆரோ அதால போயிரிக்காங்க எண்டு மட்டும்தான் அர்த்தம், போகலாம் எண்டு அர்த்தமில்ல.

அதனால நேரா மலைநாட்டுக்கு வெளிக்கிடு. செங்கலடியில இருந்து ஏ5 ரோட்ட பிடிச்சா மகா ஓயா, பிபிலை, லுணுகலை, பசறை, பதுளை. கூட்டாளிமார் சேந்து ஒரு பட்டா லொறி பிடிங்க, பைக்க ஏத்தி மேல கொண்டுபோய் இறக்கிட்டு லொறிய கீழ வந்து நிக்கச் சொல்லுங்க. அதுதான் நம்மட செயார்லிஃப்ட். தேயிலைத் தோட்டத்துக்குள்ள இறங்குற பாதை எவ்வளவு இரிக்கி!

பசறை_மலைப்பக்கம்
அந்த "எவ்வளவு இருக்கு"ன்னு சொல்ற பாதை எல்லாம் நாங்க நடக்கிற பாதைங்க. ஒவ்வொரு நாளும் எங்க அம்மாமாருங்க கொழுந்து சாக்க தலையில சுமந்துகிட்டு அந்த ஒத்தையடிப் பாதையில வர்றாங்க, ஸ்கூல் புள்ளைங்க அதுலதான் ஓடி வரும். மேல இருந்து 40 கிலோமீற்றர் வேகத்துல ஒருத்தர் வந்தா அவங்க எங்க ஒதுங்குவாங்க? ஒரு பக்கம் தேயிலைச் செடி, மறுபக்கம் பள்ளம். கொழும்புல இருந்தும் வெளிநாட்டுல இருந்தும் வந்து படம் புடிச்சிட்டு போறவங்களுக்கு இது விளங்காது, உங்களுக்காவது விளங்கணும்.

மழையையும் யோசிங்க. பதுளைப் பக்கம் ஐப்பசில இருந்து மார்கழி வரைக்கும் மண்சரிவு எச்சரிக்கை விடுவாங்க. அந்த நேரத்துல பாதையில பிரேக் அடிச்சு சில்ல இழுத்தா ஒரு கோடு விழும், அடுத்த மழைக்கு அந்தக் கோட்டுலதான் தண்ணி ஓடும், அப்புறம் அது பாதை இல்ல, ஓடை. அத திருத்துறது நீங்க இல்ல, நாங்க.

சம்மாந்துறை_சறுக்கல்
அண்ணே அப்ப ஒருத்தரும் எங்கயும் ஓடக்கூடாதா? தோட்டத்து ஜீப்பும் லொறியும் போற ரோட்டு இருக்கே, அதில என்ன பிரச்சினை?

பசறை_மலைப்பக்கம்
அது வேற, அதுல எனக்கு பிரச்சினை இல்ல. தோட்டத்து மனேஜர்கிட்ட முதல்லயே கேட்டு, வேலை இல்லாத ஞாயித்துக்கிழமையில, லொறி போற ரோட்டுல, ஆள் தெரிஞ்சா மெதுவாக்கி பெல் அடிச்சிட்டு போனா யாரும் மறிக்க மாட்டாங்க. லயத்துக்கு பக்கத்துல இறங்கி தள்ளிட்டு போங்க. நம்ம பசங்களையும் சேத்துக்கோங்க, எந்த வளைவுல கல்லு பெயர்ந்திருக்குன்னு அவங்களுக்குத்தான் தெரியும். பெக்கோ ட்ரெயில்ங்கிற மலைநாட்டு நடைபாதை 300 கிலோமீற்றருக்கு மேல இருக்குன்னு அங்க ரேஸ் ஓட யாராவது நினைச்சா அதுவும் வேணாம், அதுல சனம் நடக்குது.

படுவான்கரை_மம்பட்டி
வாசிச்சுக்கொண்டே வந்தன். எல்லாரும் ஆக்கள்ட பாதைய தேடுறீங்க, பாதைய வெட்டுற பத்தி ஒருத்தரும் கதைக்கல்ல. தம்பி, உனக்கு இப்ப வேண்டியது உயரமில்ல, பிரேக்கும் உடம்பும். அது ரெண்டையும் சமதரையில பழகலாம்.

எங்கட வளவுக்குள்ள நாங்க பம்ப் ட்ரெக் ஒண்டு, மேடும் வளைவுமா மண்ணால கட்டின ஓடுபாதை, போட்டிரிக்கம். லேண்ட்மாஸ்டர்ல (கை ட்ரக்டர்) கிறவல் ஏத்தி வந்து களிமண்ணோட கலந்தம், தனிக் களி எண்டா கச்சான் காத்துக்கு வெடிச்சிடும், தனிக் கிறவல் எண்டா பிடிக்காது. மேடு ஒரு அடி உயரம் எண்டா அடுத்த மேடு 10 அடி தள்ளி, இந்தக் கணக்குக்கு வெட்டினா மிதிக்காமலே ஓடலாம், மேட்டில ஏறக்குள்ள உடம்ப லேசாக்கி இறங்கக்குள்ள கையாலயும் காலாலயும் அமுக்கணும், வேகம் தன்னால வரும். வளைவில மண்ண வெளிப்பக்கம் உயத்தி சாய்வா கட்டி, தண்ணி தெளிச்சு மம்பட்டிட பின்பக்கத்தால தட்டித் தட்டி இறுக்கணும். இந்தத் தட்டுறதுதான் முக்கால்வாசி வேலை, அவசரப்பட்டு ஓடினா முதல் நாளே ரயர் அத பிச்சுப் போடும்.

பிரேக் பழக எங்கட வயல்பக்கம் லேண்ட்மாஸ்டர் ஏறுற சாய்வு காணும். பெடல் ரெண்டும் சமமா, குதிய கீழ இறக்கி, இடுப்ப பின்னுக்கு, நெஞ்ச ஹேண்டிலுக்கு மேல பதிச்சு வை. லீவர்ல ஒரு விரல் மட்டும். ஆக்கள் முன் பிரேக்குக்கு பயந்து பின்ன மட்டும் அழுத்துறாங்க, சில்லு பூட்டி இழுபடும், வேகம் குறையாது. உண்மையா நிப்பாட்டுறது முன் பிரேக்தான், நேரா இருக்கக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா அமுக்கி வளைவுக்கு முதல் விட்டுடணும். கண் முன்சில்லில இருக்கக்கூடாது, நாலஞ்சு பாகம் அங்கால இருக்கணும்.

மலையில பாதை வெட்டுறதுக்கும் கணக்கு இரிக்கு. சர்வதேச மவுண்டன் பைக் சங்கமான ஐஎம்பிஏ சொல்றது, பாதைட சரிவு அந்த மலைட சரிவில பாதிக்கு மேல போகக்கூடாது, பாதைட சராசரிச் சரிவு 10 வீதத்துக்குள்ள நிக்கணும். இடைக்கிடை பாதைய கொஞ்சம் ஏத்தி இறக்கினா தண்ணி அந்த இடத்தில வெளியால போயிடும். பசறையார் சொன்ன ஓடைப் பிரச்சினைக்கு மருந்து அதுதான், தோட்டத்துக்காரர் சம்மதிச்சா நாங்க மம்பட்டியோட வந்து வெட்டித் தருவம், அந்தப் பாதையில நடக்கிற ஆக்களுக்கும் அது உதவும்.

சம்மாந்துறை_சறுக்கல்
எல்லாம் சரி, ஆனா பம்ப் ட்ரெக் டவுன்ஹில் இல்ல. சறுக்குற கல்லில, பயத்தோட, மேல இருந்து கீழ பாக்கக்குள்ள வாற அந்த உணர்ச்சிய வளவுக்குள்ள படிக்க ஏலா. இதில நான் உங்களோட ஒத்துவர மாட்டன்.

படுவான்கரை_மம்பட்டி
ஒத்துவர வேணாம். பயத்தோட இறங்கக்குள்ள விரல் என்ன செய்யும் எண்டத மட்டும் முதல்ல இஞ்ச பழக்கிட்டு போங்க.

பழையசெயின்_கல்லடி
அனல் தம்பி, கொழும்புக்காரருக்கு அட்வான்ஸ் குடுத்திட்டியா?

ஆரையம்பதி_அனல்
இல்லண்ணே, குடுக்கல்ல. ஹார்ட்டெய்ல் பாப்பம், நீங்க கூட வந்து ஃப்ரேம பாத்துத் தருவீங்களா? மலைய நான் விடல்ல, பசறை அண்ணன் சொன்ன மாதிரி கேட்டுத்தான் போவன். மம்பட்டி அண்ணே, உங்கட வளவுக்கு எப்ப வரலாம்?

படுவான்கரை_மம்பட்டி
இப்ப வந்து பிரயோசனமில்ல, மாரித் தண்ணி நிக்கிது, ரெண்டு வளைவு கரைஞ்சு போச்சு. மாசி பிறந்து மண் கையில உருண்டையா பிடிபடக்குள்ள சொல்றன். ஹெல்மெட்டோட வா, மம்பட்டியும் ஒண்டு கொண்டு வா.