கிழக்குக் காத்தும் தக்காளி நாத்தும்

குழு: கொழிஞ்சாம்பாறை தோட்டக்காரங்க

செல்வி: போன வாரம் நட்ட தக்காளி. மண்ணு ஈரமாத்தான் இருக்குதுங்க, ஆனா பதினோரு மணிக்கே இலை தொங்குது. இன்னொரு தண்ணி உடட்டுமா?

பழனிச்சாமி: வேண்டாங்க. மண்ணைப் புடிச்சு அமுக்குங்க, உருண்டையா நின்னா போதும். மேல மேல உட்டா வேருக்குக் காத்து கெடைக்காது, அப்பறம் நெசமாவே வாடிரும்.

பழனிச்சாமி: விடியக்காலைல பாருங்க. நிமிந்திருந்தா செடிக்குக் கோளாறில்லை. அப்பவும் தொங்குனா தண்டை வெட்டி, ஒரு டம்ளர் தெளிஞ்ச தண்ணியில நுனி முங்கற மாதிரி புடிங்க. பாலாட்டம் இழை எறங்குனா பாக்டீரியா வாடல் நோய்.

ரமேஷ்: ஈரமிருந்தும் எப்படிங்ணா வாடுது?

கவிதா டீச்சர்: வேர் உறிஞ்சறதை விட வேகமா இலை தண்ணியை ஆவியா விடுது, அதான். காலைல 24 டிகிரி, ஈரப்பதம் 80%னா இலையிலிருந்து ஈரத்தைக் காத்து இழுக்கற பலம் 0.6 கிலோபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கற அலகு). மத்தியானம் 32 டிகிரி, 40%னா 2.85. கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு! அதுக்கு மேல மார்கழி, தை மாசத்துல பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற வறண்ட கிழக்குக் காத்து. இலையை ஒட்டி ஈரக்காத்து மெல்லிசா ஒரு படலமா நிக்கும், அதையும் வழிச்சுட்டுப் போயிருது. இலைத்துளை மூடிக்கிட்டா தண்ணி மிச்சம்தான், ஆனா சாப்பாடு தயாரிக்கறதும் கொறஞ்சிரும்.

ரமேஷ்: இதை அளக்க முடியுமா டீச்சர்? பையனுக்கு ஸ்கூல் ப்ராஜெக்ட் வேற இருக்குது.

கவிதா டீச்சர்: ஒரே அளவுல ரெண்டு தொட்டிச் செடி, ரெண்டுக்கும் ஒரே அளவு தண்ணி. தொட்டியைப் பாலிதீன்ல சுத்தி தண்டோட அடியில இறுக்கிக் கட்டணும், இல்லாட்டி மண்ணுல ஆவியாகறதும் கணக்குல சேந்துரும். ஒண்ணு ஃபேன் முன்னாடி, இன்னொண்ணு அதே வெளிச்சத்துல காத்துபடாத எடம். மணிக்கொருக்கா சமையல் தராசுல எடை. கொறையற ஒவ்வொரு கிராமும் ஒரு மில்லி தண்ணி. ஃபேனை ரொம்ப வேகமா வெச்சா துளை மூடி முடிவு குழம்பிரும்.

செல்வி: கிழக்கால பழைய சேலை கட்டிரலாமுங்களா?

பழனிச்சாமி: சேலை நெருக்கமான துணிங்க. காத்து மேல ஏறிக் குதிச்சுப் பின்னாடி சுழட்டி அடிக்கும். 50% நிழல்வலை நல்லது, பாதிக் காத்து ஊடால போகணும். ஆறடி உசரம் கட்டுனா சுமாரா அறுபதடி வரைக்கும் காத்து தணியும். குச்சியை ஆழமா ஊனுங்க, காத்து புடிச்சா வலை கப்பல் பாயாட்டம் இழுக்கும்.

ரமேஷ்: கயோலின், அதான் அந்த வெள்ளைக் களிமண் பொடி, அடிக்கலாமா?

பழனிச்சாமி: லிட்டர் தண்ணிக்கு 50 கிராம். வெயிலைத் திருப்பி அனுப்பும், இலை சூடாகாது. கலக்கிட்டே அடிக்கணும், அடியில தங்கி நாசில் அடைச்சுக்கும். மொதல்ல வலையைக் கட்டுங்க, அப்பறம் பாத்துக்கலாம்.

செல்வி: சரிங்க. அடுத்த நடவைச் சாயந்திரமா வெச்சுக்கறேன்.