அத்தையோட பயாப்ஸி ரிப்போர்ட்: விவரம் தெரிஞ்சவங்க உதவுங்க

வணக்கம். குடியாத்தத்துல இருந்து எழுதுறேன். அத்தைக்கு வயித்துல நீர் கோத்துக்கிச்சு. வேலூர்ல பயாப்ஸி எடுத்ததுல ‘பிரைமரி பெரிட்டோனியல், ஹை கிரேடு சீரஸ் கார்சினோமா’ன்னு வந்திருக்கு, அதாவது வயித்து உறையில ஆரம்பிச்ச, வேகமா வளர்ற புற்றுநோய். சினைப்பை ரெண்டும் ஸ்கேன்ல சாதாரணமாத்தான் இருக்கு. ஆனா ஏத்துறது சினைப்பை புற்றுநோய்க்கான அதே கீமோ மருந்துங்க, கார்போபிளாட்டின், பாக்ளிடாக்செல். “வேற வியாதிக்கு மருந்து ஏத்துறாங்களா?”ன்னு மாமா ஒரே சண்டை.

படிச்ச வரைக்கும் வயித்து உறை புற்றுநோயும் சினைப்பை புற்றுநோயும் பங்காளிங்கதான். ரெண்டுலயும் பெரும்பாலும் டிபி53 மரபணு கெட்டிருக்கும். கட்டி எந்த வகைன்னு காட்டுற பாக்ஸ்8, டபிள்யூடி1ங்கிற புரதங்களுக்கான டெஸ்ட் பாசிட்டிவ் வரும். அத்தை ரிப்போர்ட்லயும் அப்படியே இருக்கு. பல பேருக்கு ஆரம்பமே கருக்குழாய் நுனியிலதானாம். 2014-ல ஃபிகோங்கிற சர்வதேச மகப்பேறு, மகளிர் நல மருத்துவர்கள் அமைப்பு சினைப்பை, கருக்குழாய், வயித்து உறை மூணுக்கும் ஒரே ஸ்டேஜிங் (நோய் எவ்வளவு பரவியிருக்குன்னு பிரிக்கிற முறை) வச்சிடுச்சு.

இப்போ பிஆர்சிஏ மரபணுவுல மாற்றம் இருக்கான்னு பார்க்குற டெஸ்ட்டும், கட்டி செல்லுக்கு டிஎன்ஏ பழுதைச் சரி பண்ற திறன் குறைஞ்சிருக்கான்னு பார்க்குற ஹெச்ஆர்டி டெஸ்ட்டும் எடுக்கணும். ரத்தத்துல மட்டும் பார்த்தா, கட்டியில மட்டும் வந்த மாற்றம் தெரியாது. அதனால பாரஃபின் பிளாக் (பயாப்ஸி சதையை மெழுகுல பதிச்சு லேப்ல வச்சிருக்கிறது) வேணும். லேப்ல கேட்டு வாங்கினவங்க யாராவது இருக்கீங்களா? டாக்டர் லெட்டர் கேட்டாங்களா? செலவு எவ்வளவு ஆச்சு? முதலமைச்சர் காப்பீட்டுல சேருமா? பிஆர்சிஏ மாற்றம் பரம்பரையா வந்ததா இருந்தா பிள்ளைங்களுக்கும் இருக்கலாம்; அத்தைக்கு ரெண்டு பொண்ணுங்க, அதான் அவசரம்.

மூலிகை வைத்தியம் மட்டும் தயவுசெஞ்சு அனுப்பாதீங்க, ஏற்கெனவே வாட்ஸ்அப் நிறைஞ்சு கிடக்கு.