பரோல் மனுவில் துணைவர் வீட்டு முகவரி கொடுக்கலாமா? (தன்பாலீர்ப்பு கொண்ட ஆயுள் கைதி, தமிழ்நாடு)

நல்லசொல் கேட்டது:
மத்திய சிறையில் ஆயுள் கைதி, ஆண். நாலு வருடம் முடிந்தது. மேல்முறையீடு நிலுவையில் இல்லை. தன்பாலீர்ப்பாளர் என்று தெரிந்த பிறகு பிறந்த வீட்டார் மனு பார்க்கக்கூட (சிறையில் வந்து சந்திக்கக்கூட) வருவதில்லை. பக்கத்து மாவட்டத்தில் வாடகை வீட்டில் இருக்கும் துணைவர்தான் ஆதரவு. சாதாரண விடுப்புக்கு அந்த முகவரி செல்லுமா? உறவு என்று என்ன எழுதுவது? துணைவருக்கு உடம்பு முடியாமல் போனால் அவசர விடுப்பு உண்டா?

குமாஸ்தா:
கடைசிக் கேள்விதான் கஷ்டமானது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாம் பரோல் என்று சொல்வது 1982-ஆம் ஆண்டின் தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி கிடைக்கும் விடுப்பு. அவசர விடுப்புக்கு உறவுகளையும் அந்த விதியே வரிசையாகச் சொல்லிவிடுகிறது: பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தோர். துணைவருக்கு அதில் இடமில்லை. 2023 அக்டோபர் 17 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்காததால் ‘கணவர்’ என்று வாதாடவும் முடியாது. மிஞ்சுவது விதி 40. எந்தக் கைதிக்கும் இந்த விதிகளிலிருந்து விலக்கு தர மாநில அரசுக்கு அதில் அதிகாரம் உண்டு. மருத்துவச் சான்றோடு உள்துறைக்கு மனு அனுப்பி, ஒப்புகை கைக்கு வந்ததும் உயர் நீதிமன்றத்தில் அரசியல் சாசனத்தின் 226-ஆவது பிரிவின் கீழ் ரிட் மனு போடத் தயாராக இருங்கள். மனுவே கொடுக்காமல் நேராக ரிட்டுக்குப் போனால், ‘முதலில் அரசிடம் கேள்’ என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சாதாரண விடுப்புக்கு இந்தத் தொல்லை இல்லை. மூன்று வருடம் கழிந்திருக்க வேண்டும். ஒரு தடவைக்கு 21 முதல் 30 நாள். ‘விடுதலைக்குப் பின் வாழ்வதற்கும் பிழைப்புக்கும் ஏற்பாடு செய்ய’ என்பது விதியில் உள்ள காரணங்களில் ஒன்று, அதற்கு உறவு எதையும் காட்ட வேண்டியதில்லை. ஆனால் போதைப்பொருள் சட்டம் போன்று மத்திய அரசின் நிர்வாக அதிகாரத்துக்கு உட்பட்ட சட்டத்தில் தண்டனை என்றால் இந்த விடுப்பு கிடையாது, அதை முதலில் பாருங்கள்.

தயவுசெய்து துணைவரைச் ‘சித்தப்பா மகன்’ என்று எழுதிவிடாதீர்கள். ரேஷன் கார்டைப் பார்த்ததும் குட்டு வெளிப்படும். பொய்த் தகவல் என்று கோப்பில் ஒருமுறை ஏறிவிட்டால் அடுத்த மனுவையும் அது கெடுக்கும். ‘நண்பர்’ என்பது பொய்யில்லை, அதுவே போதும்.

சிவப்புநாடா:
மனு பெரும்பாலும் அடிபடுவது விசாரணையில். நன்னடத்தை அலுவலர் ஒரு அறிக்கை தருவார், உள்ளூர் காவல் நிலையத்திலிருந்து இன்னொன்று வரும். சொந்த ஊர் முகவரியும் மனுவில் இருந்தால் அங்கேயும் போய்க் கேட்பார்கள். வீட்டார் ‘இங்கே வரவேண்டாம்’ என்று சொன்னால் ‘சட்டம் ஒழுங்குப் பிரச்சினை வரலாம்’ என்று எழுதிவிடுவார்கள். ஆகவே தங்கும் இடமாக ஒரே முகவரியைக் கொடுங்கள். வாடகை ஒப்பந்தம், துணைவரின் ஆதார், அவர் வருமானச் சான்று, கைதியைத் தங்க வைத்துக்கொள்ளச் சம்மதம் என்ற உறுதிமொழிப் பத்திரம், இவற்றை மனுவோடேயே இணைக்க வேண்டும். வீட்டு உரிமையாளரிடம் துணைவரே முன்கூட்டிப் பேசிவிடுவது நல்லது. சீருடையில் ஆள் வந்து நின்ற பிறகு சேதி தெரிந்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள்.

நிராகரித்தால் ஆணையின் நகலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வெறும் ‘போலீஸ் ஆட்சேபம்’ என்று ஒற்றை வரியில் இருந்தால் ரிட்டில் அதை உடைப்பது எளிது.

மருதம்:
‘நண்பர்’ போதும் என்பதை நான் முழுக்க ஏற்கவில்லை. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு ஒன்று, திருமணம் மட்டுமே குடும்பத்துக்கு வழியல்ல, தாமே தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்று சொல்லியிருக்கிறது. ரிட்டில் சொல்ல இதைவிட நல்ல பிடிமானம் ஏது? ஆரம்பம் முதல் ‘நண்பர்’ என்றே எழுதியிருந்தால், திடீரென்று துணைவர் என்பதை எப்படி நிறுவுவது?

குமாஸ்தா:
நியாயம். ஆனால் அது ஆட்கொணர்வு மனுவில் (சட்டவிரோதமாக அடைத்து வைத்தவரை மீட்கப் போடும் மனு) வந்த தீர்ப்பு. விடுப்பு விதியை அது தொடவில்லை. சிறையில் கொடுக்கும் மனுவை எழுத்தர் முதல் வார்டர் வரை படிப்பார்கள், சாயங்காலத்துக்குள் பிளாக் முழுக்கப் பரவிவிடும். உறவுக்கான சான்றுகளைத் தனியே சேர்த்து வைத்து, ரிட்டில் மட்டும் வெளியே எடுங்கள். முடிவு கைதியுடையது, துணைவருடையதோ வக்கீலுடையதோ அல்ல.

மருதம்:
சான்று சேர்க்க எளிய வழி, மனு பார்ப்பதுதான். 2016 மாதிரிச் சிறைக் கையேடு நண்பர்களையும் அனுமதிக்கிறது. பால்புதுமை (LGBTQ+) கைதிகளின் துணைவர்களுக்குப் பாகுபாடு கூடாது என்று 2024 ஜூலை 15-இல் மத்திய உள்துறை மாநிலங்களுக்குக் கடிதமும் எழுதியது. சிறை மாநிலப் பட்டியலில் இருப்பதால் அது அறிவுரைதான். இருந்தாலும் வாசலில் திருப்பி அனுப்பினால் நகலை நீட்டலாம். ஒவ்வொரு சந்திப்பும் பதிவாகிறது. இரண்டு வருடப் பதிவை எந்த அலுவலரும் மறுக்க முடியாது.

புதுவழி:
மறுவாழ்வு பற்றி யாரும் சொல்லவில்லையே. கேலி, அடி என்று புகார் கொடுத்தால் ‘பாதுகாப்பு’ என்று தனி அறையில் போட்டுவிடுவது உண்டு. அதோடு பட்டறை வேலை போகும், ஊதியம் போகும். பிளாக் மாற்றம் மட்டும் கேட்டு, வேலை தொடர வேண்டும் என்று அதே மனுவில் எழுதுங்கள். பின்னால் முன்விடுதலைக்கு (தண்டனைக் காலம் முடியுமுன் விடுதலைக்கு) கோப்பு போகும்போது வேலைப் பதிவும் நடத்தைப் பதிவும்தான் பேசும். காவலில் இருப்பவர் எவருக்கும் இலவச வக்கீல் உண்டு (1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், பிரிவு 12), 15100 என்ற உதவி எண்ணில் கேட்கலாம்.

எச்ஐவி மருந்து எடுப்பவராக இருந்தால் விடுப்பு நாட்களுக்கும் சேர்த்து மாத்திரையைக் கையில் வாங்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். விசாரணை அலுவலருக்கு அந்த விவரம் தேவையில்லை. சம்மதமின்றி வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டு எச்ஐவி, எய்ட்ஸ் சட்டம் தடுக்கிறது.

நல்லசொல்:
நன்றி. விடுப்பில் இருக்கும்போது சொந்த ஊருக்கு ஒருநாள் போய் வரலாமா?

சிவப்புநாடா:
ஆணையில் எழுதிய இடத்தைத் தவிர எங்கும் வேண்டாம். போக வேண்டியிருந்தால் அந்த ஊரையும் தேதியையும் மனுவிலேயே கேளுங்கள். ஆனால் அந்த ஊரிலும் விசாரணை நடக்கும், அதை எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.