ஏரி மதகுக்கு அமைச்சரிடம் மனு கொடுத்தால் வேலை ஆகுமா?

பாலக்கோட்டான்:
எங்க ஏரியில மதகு ஷட்டர் துருப்பிடிச்சு இறங்க மாட்டேங்குது, தண்ணி வீணாப் போகுது. ஏரிக்கரை ரோடும் குண்டும் குழியும். அமைச்சர் தர்மபுரி வர்றப்போ 'பொதுப்பணித்துறை'ன்னு போட்டு ஒரே மனுவாக் கொடுத்துடலாம்னு ஊர்ல பேச்சு. அவர் அங்கேயே உத்தரவு போட முடியுமா?

கரைமேடு:
ஒரே மனு வேண்டாங்க. 2021-ல நீர்வளத்துறையைத் தனியாப் பிரிச்சாச்சு. இப்ப பொதுப்பணின்னா பெரும்பாலும் அரசுக் கட்டடம்தான். கே.ஆர்.பி. அணை, பஞ்சப்பள்ளி சின்னாறு, வாணியாறு எல்லாம் நீர்வளத்துறை. ஏரின்னா ஆயக்கட்டை, அதாவது அந்த ஏரித் தண்ணி பாயற நிலத்தோட அளவைப் பாருங்க. 100 ஏக்கருக்கு மேல போனா நீர்வளத்துறை, குறைஞ்சா ஊராட்சி ஒன்றியம், பி.டி.ஓ. ஆபீஸ். கரை ரோடும் அனேகமா ஒன்றியத்துதான். தொப்பூர் கணவாய் ரோட்டுக்கு மாநில அமைச்சர்கிட்ட மனு கொடுக்கறவங்களும் இருக்காங்க, அது மத்திய அரசு ரோடு!

கோப்பு எண்:
அமைச்சர் வேலை, எந்தப் பணிக்கு முன்னுரிமைன்னு முடிவு பண்றது, கொள்கை விளக்கக் குறிப்பு வெச்சு சட்டசபையில மானியக் கோரிக்கை கேக்கறது. அரசாணை ஆளுநர் பேர்ல வரும், கையெழுத்து செயலாளர் தரப்புல. தொழில்நுட்ப அனுமதி பொறியாளர்கள்கிட்ட. டெண்டருக்கு 1998 சட்டம் இருக்கு: 2 கோடி வரைக்கும் குறைஞ்சது 15 நாள், அதுக்கு மேல 30 நாள் அவகாசம். அதைக் குறைக்கணும்னா மேலதிகாரி காரணத்தை எழுத்துல பதியணும். மேடையில வாங்கற மனு சென்னை போய், இறங்கி இறங்கி அதே உதவிப் பொறியாளர் மேசைக்குத்தான் வரும். அங்க எஸ்டிமேட் (வேலைக்கான செலவு மதிப்பீடு) இல்லைன்னா 'நிதி பெறப்பட்டதும் பரிசீலிக்கப்படும்'னு ஒரு வரி, அவ்வளவுதான்.

பாலக்கோட்டான்:
எஸ்டிமேட் போட்டாச்சான்னு எப்படிங்கண்ணா தெரிஞ்சுக்கறது?

கோப்பு எண்:
ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) போடுங்க, 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி. 'ஏன் செய்யல'ன்னு கேக்காதீங்க, நழுவிடுவாங்க. 'மதிப்பீட்டு நகல், அனுப்பிய தேதி, கடித எண்' கேளுங்க. 30 நாள்ல பதில் வரணும். துறை மாறிப் போட்டிருந்தா அவங்களே 5 நாளுக்குள்ள உரிய துறைக்கு மாத்தணும், 6(3) பிரிவு. எஸ்டிமேட் பழசுன்னா திருத்தச் சொல்லுங்க. அரசு பொருளுக்கும் கூலிக்கும் நிர்ணயிக்கிற விலை விகிதப் பட்டியல் மாறிட்டா பழைய தொகைக்கு எந்த கான்ட்ராக்டரும் வர மாட்டார்.

கரைமேடு:
மனுவுல ஏரியோட சர்வே எண், எந்த மதகு, எத்தனை ஏக்கர் பாயுதுன்னு எழுதி போட்டோ வையுங்க. திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்லயும் ஒரு பிரதி கொடுத்து ரசீது வாங்கிடுங்க. அமைச்சர் வர்றப்போ அந்த ரசீது நகலையும் எஸ்டிமேட் கடித எண்ணையும் சேர்த்துக் கொடுங்க.