மட்டி வாழை திசு வளர்ப்பு: பக்கமுளை வரல, அடியில் கட்டி மட்டும் வருது

திருவட்டாறுக்காரன்:
மட்டி ஈட்டிக்கன்றிலிருந்து (ஈட்டி மாதிரி குறுகின இலையுள்ள பக்கக்கன்று) எடுத்த குருத்து முனை, வச்சு 6 வாரம் ஆகுது. எம்எஸ் ஊடகம் (முராஷிகி-ஸ்கூக் சத்துக் கலவை), லிட்டருக்கு சர்க்கரை 30 கிராம், அகர் 8 கிராம், பிஹெச் 5.8. லிட்டருக்கு பிஏபி (சைட்டோகைனின் வகை ஹார்மோன்) 3 மி.லி., என்ஏஏ (ஆக்சின் வகை ஹார்மோன்) 2 மி.லி. ஊத்தினேன். ரெண்டு ஸ்டாக்கும் (முன்கூட்டியே கரைச்சு வச்ச கரைசல்) 100 மி.லி.க்கு 100 மி.கி. போட்டது. ஒத்தைக் குருத்து நீளுது, அடியில் வெள்ளையா பொருபொருன்னு கட்டி, அதிலிருந்து தடிச்ச வேர் நாலஞ்சு. பக்கமுளை ஒண்ணுகூட இல்ல. பிஏபியை 10 ஆக்கிரலாமா?

தக்கலை_லேப்:
பிஏபியைத் தொடாதீங்க, கோளாறு என்ஏஏவில். உங்க ஸ்டாக் 1 மி.லி.க்கு 1 மி.கி. அப்போ லிட்டருக்கு 2 மி.கி. போயிருக்கு. பெருக்கத்துக்கு 0.1–0.2 மி.கி. தாராளம். புள்ளி ஒரு இடம் தள்ளிப்போன கதைதான். ஸ்டாக்கைப் பத்து மடங்கு நீர்த்து அதில் 2 மி.லி. எடுங்க, அளவு பிசகாது.

அதோட முனையை முழுசா வச்சிருப்பீங்கன்னு தோணுது. நடுமுனை உயிரோட இருக்கிற வரைக்கும் பக்கமொட்டை எழும்ப விடாது. கட்டி, வேர், கறுத்த பாகம் எல்லாம் சீவிட்டு, வளர்முனை நடுவே நெடுக்கா ரெண்டாப் பிளங்க. பெருசா இருந்தா நாலா. அடிப்பாகம் ஊடகத்தில் பதியணும். வெட்டின இடம் பீனால் கசிஞ்சு கறுக்கும், முதல் வாரம் இருட்டில் வைங்க.

திருவட்டாறுக்காரன்:
சரி அண்ணாச்சி. ஆனா ஆக்சின் இல்லாம செல் பிரியாதுல்லா? கூடினா என்ன கேடு?

குருத்து:
செல் ஊதிப் பெருசாகிறது வேற, பிரியறது வேற. ஜி1 கட்டத்தில், அதாவது டிஎன்ஏ நகலாகுறதுக்கு முந்தின கட்டத்தில், ஒரு வாசல் உண்டு. அங்க ஆர்பி வகைப் புரதம், நகலைத் தொடங்கி வைக்கிற ஈ2எஃப் புரதத்தைப் பிடிச்சு வச்சிருக்கும். விட்டால்தான் டிஎன்ஏ நகலாகும். விட வைக்கிறது சைக்ளின்-டி புரதம், சிடிகே நொதி ஜோடி. ஆக்சின் சிடிகேயை ஏத்தும், சைட்டோகைனின், அதாவது உங்க பிஏபி, சைக்ளின்-டியை வர வைக்கும். சர்க்கரையும் அதுக்குத் துணை. நகலான பிறகு வர்ற ஜி2 கட்டத்தைத் தாண்டிப் பிரியவும் சைட்டோகைனின் வேணும். புகையிலைத் தண்டுச் சோற்றில் (தண்டு நடுவில் உள்ள மெத்துப் பகுதி) ஆக்சின் மட்டும் கொடுத்தா செல் ஊதும், டிஎன்ஏகூட இரட்டிக்கும், பிரியாது.

பிரிஞ்ச செல் எதுவாகும்ங்கிறதை விகிதம் தீர்மானிக்கும். ஸ்கூக்கும் மில்லரும் 1957-இல் புகையிலையில் காட்டினது: ஆக்சின் ஓங்கினா வேர், சைட்டோகைனின் ஓங்கினா குருத்து, நடுவாந்தரமா நின்னா கட்டி. உங்க 3-க்கு 2 அந்த நடுவாந்தரத்தில்தான் மாட்டியிருக்கு. பிஏபியை 10 ஆக்கினா குருத்து வரலாம், ஆனா குட்டையா, கொத்துக்கொத்தா, கண்ணாடி மாதிரி நீர்கோத்த இலையோட வரும். பிரிச்சு நட முடியாது.

தோவாளை_நர்சரி:
பாட்டிலில் தேதியோட எத்தனாவது மாற்றம்னும் (புது ஊடகத்துக்கு மாத்தி வச்ச தடவை) எழுதுங்க. 7, 8 மாற்றத்தோட நிறுத்திக்கிடணும். அதிக ஹார்மோனில் ஓயாமப் பிரியற செல்லில் குரோமோசோம் தப்பு சேரும். குட்டை ரகம், இலை விகாரம் தோட்டத்தில்தான் தெரியும். கட்டியிலிருந்து வர்ற குருத்தையும் பெருக்கத்துக்கு எடுக்காதீங்க, அதில் மாறாட்டம் இன்னும் அதிகம்.

திருவட்டாறுக்காரன்:
அப்போ ஏற்கெனவே வேர் விட்டதெல்லாம் வீணா?

தக்கலை_லேப்:
குருத்து நேரா முனையிலிருந்து வந்திருந்தா வீணில்ல. கட்டியைச் சீவி, ஹார்மோன் இல்லாத எம்எஸ்ஸில், ஆக்டிவேட்டட் கரித்தூள் லிட்டருக்கு 1 கிராம் போட்டு 3 வாரம் வைங்க. பிறகு அகரை நல்லாக் கழுவிட்டு தென்னை நார்ச்சோறு நிரப்பின தட்டில் நட்டு, முதல் 10 நாள் பாலித்தீன் மூடி வைங்க.